ஓகே போட்ட கல்

ஒரகடத்தில் வண்டிகளுக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம் போட்டிருக்கும், ஆறடிக்கு நாலடி. அதற்குள் ஒரு மேஜை, மேஜைக்கு மேல் இரண்டு ட்யூப்லைட், அப்புறம் நான். இடது பக்கம் கன்வேயரில் பீஸ் வரும். கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். விளிம்பைச் சுற்றிக் கட்டை விரலை ஓட்ட வேண்டும். பிசிறு கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அதற்காகவே எங்கள் கையுறையில் கட்டை விரலை மட்டும் வெட்டி விட்டிருப்பார்கள். எல்லாம் சரியென்றால் மஞ்சள் மார்க்கரால் ஒரு டிக், பக்கத்தில் என் நம்பர் இருபத்துமூன்று. வலது பக்கத்து ட்ரேயில் ஒரு குழியில் வைத்தால் முடிந்தது. ட்ரேக்குப் பன்னிரண்டு குழி. நிரம்பியதும் பேக்கிங்குக்குப் போய்விடும்.

கட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்றால், பாத்ரூமுக்கே ஆனாலும், மேஜையில் இருக்கும் சிவப்பு லைட்டைப் போட்டுவிட்டு மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். மாற்று ஆள் மூன்று லைனுக்கு ஒருத்திதான். மூன்று வருஷமாக இப்படி நின்றதில் அடக்கி வைக்கும் வித்தை எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. சிறுநீரை அடக்குவேன், கோபத்தை அடக்குவேன். முதலாவதுதான் சுலபம்.

நான் சொல்லப்போகிற விஷயம் நடந்த மாதம், ட்ரெய்னிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம். எனக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. அந்த வயதுக்கு மேல் ஒரு பெண்ணை ட்ரெய்னியாக எடுக்கிற கம்பெனி கேட் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. பட்டியலில் பெயர் வந்தால் உண்டு, வராவிட்டால் மூன்று வருஷம் நின்ற கால் வலி மட்டும் மிச்சம். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆளும் நான் ஒருத்திதான். அதனால் அந்த மாதம் முழுக்க நான் சூப்பர்வைசர் தும்மினால்கூட எழுந்து நிற்கிற நிலையில் இருந்தேன்.

எங்கள் வீடு வாலாஜாபாத்தில். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் இடத்தில், ரோட்டை அகலமாக்க கிராவல் கொட்டி வைத்திருந்தார்கள். பஸ் வர நேரமானால் கை சும்மா இருக்காது எனக்கு. எதையாவது எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். பெரிய மாங்கொட்டை மாதிரி இருந்தது, ஒரு முனை கூராக, மறு முனை தடித்து. தடித்த முனை உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் விளிம்பைச் சுற்றிக் கட்டை விரலை ஓட்டினேன்.

விரல் நின்றுவிட்டது. தானாக உடைந்த கல்லின் விளிம்பு இப்படி இருக்காது. ஒரு சில்லு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்து, விளிம்பு நெளிநெளியாக முனை வரைக்கும் போனது. தினம் மூவாயிரம் பீஸ் தொடுகிற விரல் இது. தானாக வந்தது வேறு, ஒருத்தர் செய்தது வேறு என்று அதற்குத் தெரியும்.

தபாலில் பி.ஏ. வரலாறு படித்தவள் நான். அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்த கைக்கோடரிகளின் படம் பாடப்புத்தகத்தில் இருந்தது. சின்னப் படம், மங்கலாக அச்சாகியிருக்கும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. அது என் கையில் இருந்தது. பஸ் ஹாரன் அடித்தபோது அதை டிபன் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஒரகடம் வரை என் மடியிலேயே பையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ரோட்ல கெடக்கற கல்ல எடுத்தாந்து தலமாட்டுல வெச்சிக்கினு கீறியே, உனுக்கு இன்னாதான் ஆச்சு?” என்று கேட்டாள். இதைச் செய்தது மனுஷன் மாதிரி ஒரு ஆள், ஆனால் நம்ம மாதிரி மனுஷன் இல்லை என்று சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

ஹோமோ எரெக்டஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்த இனம். தாழ்ந்த நெற்றி, புருவத்தின் மேல் தடித்த எலும்பு, முகவாய் கிடையாது. பேசினார்களா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்தப் பக்கத்தில் அவர்கள் எலும்புகூடக் கிடைத்ததில்லை, கல் மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதனால் செய்தது அவர்களாகத்தான் இருக்கும் என்று சொல்வதிலேயே கொஞ்சம் ஊகம் உண்டு. எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்னால், நாம் என்று சொல்லிக்கொள்கிற ஆள் யாரும் பிறப்பதற்கு முன்னால், இந்தத் தரையில் ஒருத்தர் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லால் தட்டியிருக்கிறார். ஓரத்தில் சாய்வாகத் தட்டினால்தான் சில்லு பெயரும். பெயர்ந்த இடத்திலேயே அடுத்த அடி விழ வேண்டும் என்பதால் கல்லைத் திருப்ப வேண்டும். தட்டுவதற்கு முன்னாலேயே இந்த மாங்கொட்டை மனதில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கை எங்கே நிறுத்தும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது அதிலிருந்த குறைதான். ஒரு பக்கத்தில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, சில்லு முழுதாகப் பெயராமல் பாதியில் முறிந்து படிக்கட்டு மாதிரி நின்றிருந்தது. அதைச் சரிசெய்ய அதே இடத்தில் மூன்று முறை தட்டிய தடம் இருந்தது. மூன்றும் அங்கேயே முறிந்திருந்தன. நாலாவது அடி இல்லை. போடா என்று விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் பாஷையில் ரீவொர்க் செய்து பார்த்துச் சரிவராமல் விட்ட பீஸ். அந்த மூன்று அடியையும் தடவும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது, அது ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து அலுத்துக்கொண்டது போல இருந்தது.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராகப் படப்பை வழியாகத் தாம்பரம் போய், ரயில் பிடித்துச் சென்னையில் தொல்லியல் தெரிந்த யாரிடமாவது காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். விடுமுறை நாளில் அந்த ஆபீஸ்கள் திறந்திருக்காதே. அதனால் கல்லைப் பழைய துண்டில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் உள்ளே போகும்போது கேட்டில் செல்போன் மட்டும்தான் தேடுவார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் கஸ்டமர் ஆடிட். வண்டி செய்கிற கம்பெனியிலிருந்து ஆள் வந்து லைனைப் பார்ப்பார்கள். லாக்கர் ரூமைக் கழுவி விட்டிருந்ததால் பைகளையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே திறந்த ரேக்கில் வைக்கச் சொன்னார்கள். அங்கே கல்லை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கல்லைத் திருட யார் வரப்போகிறார்கள்? தெரியும். ஆனாலும் வரவில்லை. எடுத்து ஏப்ரன் பாக்கெட்டில் போட்டேன். அது ஒரு பக்கமாக இழுத்துத் தொங்கியது. ஆடிட் நாளில் ஏப்ரன் கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு வசவு வரும். லைன் ஓடத் தொடங்கியதும் யாரும் பார்க்காத நேரத்தில் கல்லை எடுத்து மேஜையின் இடது மூலையில், விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் வைத்தேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். இடது பக்கம் என்பது இன்னும் பார்க்காத பீஸ் இருக்கும் பக்கம்.

எட்டு நொடிக்கு ஒரு பீஸ். ஒரு மணி நேரம் போனால் கை தனியாக வேலை செய்யும், மனசு தனியாக எங்காவது திரியும். என் மனசு அன்றைக்கு, கல்லைச் செய்தவர் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு ஆற்றங்கரையில் இருந்தது. அந்தக் கை எத்தனை பெரிதாக இருந்திருக்கும், தட்டும்போது சில்லு தெறித்து விரலைக் கிழிக்காதா, கிழித்தால் என்ன சத்தம் போட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டு பீஸ்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எப்போதோ ஒரு தரம் மூலையைப் பார்த்தேன். கல்லைக் காணவில்லை. மேஜைக்குக் கீழே குனிந்து தேட முடியாது, எட்டு நொடிதான். காலால் தரையைத் துழாவினேன்.

பேக்கிங் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது. ஆடிட்டர் ஏதோ ஒரு ட்ரேயைக் காட்டித் திறக்கச் சொல்லியிருக்கிறார். பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமத்து ஆள், அவருக்கு ரகசியக் குரல் என்பதே கிடையாது.

“அய்ய, இன்னா இது? ஏய் இருபத்துமூணு! ட்ரேல கல்லு கீதுடி! உன் டிக்கு வேற போட்டுக்கீறே!”

பதினோரு அலுமினிய பீஸ், பன்னிரண்டாவது குழியில் அந்தக் கல். அதன் மேல், மூன்று முறை தட்டித் தோற்ற அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, என் கையெழுத்தில் மஞ்சள் டிக், இருபத்துமூன்று. நான் அதை எடுத்திருக்கிறேன், திருப்பியிருக்கிறேன், விரலை ஓட்டியிருக்கிறேன், பாஸ் செய்திருக்கிறேன். எதுவும் எனக்குத் தெரியாது. ஆடிட்டர் செல்போனில் படம் எடுத்தார். லைனை நிறுத்தினார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மாற்று ஆளுக்குக் காத்திராமல் என்னைக் கட்டத்திலிருந்து வெளியே கூட்டிப்போனார்கள்.

எச்.ஆர். அறை கண்ணாடி அறை. உள்ளே இருப்பவளை எல்லாரும் பார்க்கலாம், உள்ளே பேசுவது யாருக்கும் கேட்காது. அங்கே என்னை உட்கார வைத்துவிட்டுப் போனவர்கள் இரண்டு மணி வரை வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். வெளியே போகலாமா என்று கேட்டதற்கு செக்யூரிட்டி அம்மா கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார். கல் என் எதிரிலேயே மேஜை மேல் இருந்தது, ஒரு வெள்ளைத் தாள் மேல். தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மணிக்கு மேல் எச்.ஆர். அதிகாரியும் எங்கள் சூப்பர்வைசரும் வந்தார்கள். அதிகாரி சத்தம் போடாத மனுஷர். அவரைப் பார்த்தால்தான் எங்களுக்கு அதிக பயம்.

“இது என்னம்மா?” என்றார்.

பயத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பெருமை. ஒரு வாரமாகச் சொல்ல ஆளில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் கொட்டியது. “சார், இது கல்லு இல்ல சார். செஞ்ச கருவி. நமக்கு முன்னாடி இருந்தவங்க, பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. தோல் உரிக்க, கறி வெட்ட, எலும்பு உடைக்க, எல்லாத்துக்கும் இதுதான். ஓரத்தத் தொட்டுப் பாருங்க சார், இன்னமும் கூர் இருக்கு.”

அவர் தொடவில்லை. பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கம்பெனியின் நிலையாணைகள்.

“வெட்டுற கருவி. நீயே சொல்ற. கூர்மையான ஆயுதம் உள்ள கொண்டு வந்தா டிஸ்மிஸல். அத ஆடிட் அன்னிக்கு, ஓகே போட்டு, கஸ்டமர் ட்ரேல வெச்சிருக்க. இதுக்கு என்ன பேர்னு உனக்குத் தெரியுமாம்மா?”

தெரியும். நாசவேலை.

சூப்பர்வைசர் தென்காசிப் பக்கம். கெட்டவர் இல்லை; அவர் லைன், அவர் பெயரும்தான் ரிப்போர்ட்டில் போகும். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஒய்-ஒய் ஷீட். எந்தக் கோளாறு வந்தாலும் எங்கள் கம்பெனியில் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். பென்சிலில் ஏற்கெனவே நிரப்பியிருந்தார். ட்ரேயில் கல் ஏன் வந்தது? மேஜையில் இருந்தது. மேஜைக்கு ஏன் வந்தது? ட்ராலி சக்கரத்தில் சிக்கி வந்தது. சக்கரத்தில் ஏன் சிக்கியது? யார்டில் கிராவல் கொட்டியிருக்கிறது. இப்படியே போய்க் கடைசியில், நுழைவாயிலில் சக்கரம் துடைக்க பிரஷ் வைக்கவில்லை என்று முடிந்தது. பிரஷ் வைத்துவிட்டால் ஆடிட்டருக்குத் திருப்தி. ஆள் மேல் குற்றம் இல்லை, முறையில்தான் குறை.

“ஒத்துக்கிடும்மா,” என்றார் சூப்பர்வைசர். “சாதாரணக் கல்லுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுரு. வார்னிங் லெட்டர்கூட கெடையாது. லிஸ்ட் திங்கக்கெழம போவுது, நாந்தான் அனுப்பணும்.”

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமான பதிலை எழுதினால் ஐந்து ஏன் போதாது. கல் ஏன் மேஜைக்கு வந்தது? நான் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தாய்? ஒருத்தர் செய்தது என்று தெரிந்துவிட்டது, போட்டுவிட்டு வர முடியவில்லை. அவர் ஏன் செய்தார்? பசித்திருக்கும். மூன்று முறை தட்டியும் வராத இடத்தை ஏன் விட்டார்? அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் யாரும் ஸ்டாப் வாட்சோடு நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக ஒரு தடவை முயன்றேன். “சார், ட்ராலிதான்னே எழுதறேன் சார். ஆனா சாதாரணக் கல்லுன்னு மட்டும் வேணாம். பாத்தாலே தெரியும் சார், யாரோ செஞ்சிருக்காங்க.”

“யாரு?” என்றார் அதிகாரி. கேலியே இல்லை அவர் குரலில். “பேர் சொல்லு. ஊர் சொல்லு. இல்லல்ல? அப்ப யாரும் செய்யலன்னு எழுதினா யாருக்கும்மா நஷ்டம்?”

கண்ணாடிக்கு வெளியே இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் ஐ.டி. கார்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் கிளம்புகிற நேரமாகிவிட்டது. அம்மா போன் செய்து பார்த்திருப்பாள், என் போன் கேட்டில் இருந்தது. பேனாவை எடுத்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். ‘மேற்படி பொருள் இயற்கையில் கிடைக்கும் சாதாரணக் கல். எவராலும் செய்யப்பட்டதல்ல. ஆய்வாளர் என்ற முறையில் பரிசோதித்து உறுதி செய்கிறேன்.’ கீழே பெயர், கையெழுத்து, நம்பர் இருபத்துமூன்று.

அவர் தாளை எடுத்துக்கொண்டார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வேணுமா? சாதாரணக் கல்லுதானே, எடுத்துக்கினு போறதுன்னா போ.”

நல்ல எண்ணத்தில் கேட்டாரா, சோதித்தாரா, தெரியவில்லை. சாதாரணக் கல்லை எவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள்? கையை நீட்டினால் எழுதியதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். மடியில் கை இரண்டையும் கோத்து வைத்துக்கொண்டேன்.

“வேணாம் சார்,” என்றேன்.

பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், பேக்கிங் அக்கா என் கன்னத்தைக் கிள்ளி லட்டு கேட்டார், வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். மேஜை அதேதான், கட்டம் அதேதான். இப்போது அதில் ஐம்பத்தெட்டு வயது வரை நிற்கலாம்.

சில மாதம் கழித்து, நிரந்தரமானவர்களுக்கான ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. அது தானாக மூடிக்கொள்ளாதபடி கீழே அந்தக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் டிக் பாதி அழிந்திருந்தது. கதவு இடித்து இடித்து முனையில் புதிதாக ஒரு சில்லு போயிருந்தது. அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. எதில் போடுகிறேன் என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். திரும்பினேன்.

“கதவ சாத்திட்டுப் போம்மா, ஏசி போவுது,” என்றார் அதிகாரி.

சாத்த வேண்டுமானால் கல்லை நகர்த்த வேண்டும். குனிந்தால் கையில் எடுக்க வேண்டியிருக்கும். கையில் எடுத்தால் கட்டை விரல் ஓடும், எனக்கு என்னைத் தெரியும். அவர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ முனையால் கல்லைத் தள்ளினேன். அது டைல்ஸ் மேல் கரகரவென்று தேய்ந்துகொண்டு அறைக்குள் போனது.

புத்தகத்தில் கால் பட்டால், பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் கால் பட்டால்கூட, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் எனக்கு. யோசிக்க வேண்டாம், கை தானாகப் போகும். அன்றைக்கும் கிளம்பியது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்திக் கதவின் கைப்பிடியில் வைத்தேன், சாத்தினேன்.